'ஃபயர்' படத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்

தீபா மேத்தாவின் 'ஃபயர்' படத்தைப் பற்றி இணையத்தில் தமிழில் வந்திருக்கும் விமர்சனங்களைக் கொஞ்ச நாளாகத் தேடித் தேடிப் படித்துவருகிறேன். ஒரு பதிவு அந்தப் படத்தைக் கொண்டாடுகிறது. பெண்களின் மனதைத் துணிச்சலாகச் சொன்ன படம் இதைப்போல் வேறில்லை என்கிறது. இன்னொரு பதிவு, குடும்பத்தைக் குலைப்பதற்கென்றே எடுத்த படம் என்று சாடுகிறது. எழுதியவர்கள் வேறு, முடிவுகள் வேறு, எழுதிய வருடமும் வேறு. ஆனால் இரண்டிலும் கதைச் சுருக்கம் மட்டும் சொல்லுக்குச் சொல் ஒன்று. எழுத்துப்பிழைகூட மாறவில்லை. மாமியாருக்கு வந்த 'பக்கவாதம்' இரண்டு பதிவிலும் 'பக்காவதம்' என்றே இருக்கிறது.

நான் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவன். ஒரே பிழை இரண்டு இடத்தில் தானாக முளைக்காது என்பது என் தொழில் கற்றுக்கொடுத்த பாடம். ஒருவர் இன்னொருவரைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். அல்லது இருவரும் மூன்றாவது ஒருவரிடமிருந்து எடுத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒருவர் தலையில் பூவைத்தார், மற்றவர் மண்ணைப் போட்டார். அந்தப் படத்தை இரண்டு பேரும் பார்த்தார்களா என்பதுதான் என் கேள்வி.

சினிமா விமர்சனத்தில் காப்பி அடிப்பது புதிதா, இதற்குப்போய் ஒரு நீண்ட பதிவா என்று கேட்பீர்கள். எந்தப் படமாக இருந்தாலும் தப்புதான். ஆனால் இந்தப் படத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. மக்கள் பார்க்கக் கூடாது என்று தியேட்டரை அடித்து நொறுக்கி நிறுத்திய படம் இது. அடித்தவர்களில் எத்தனை பேர் படத்தைப் பார்த்திருந்தார்கள்? பார்க்காமலே ஒரு படத்துக்குத் தீர்ப்பு எழுதும் பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதை 1998 டிசம்பரில் இந்த நாடு பார்த்தது. அதே பழக்கம் இன்றைக்குக் கல்லும் கட்டையும் இல்லாமல் கணினியில் நடக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

படத்தில் இருப்பது என்ன?

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். முடிவையும் சொல்லப்போகிறேன், படம் பார்க்காதவர்கள் கவனிக்கவும்.

டெல்லியில் ஒரு நடுத்தரக் கூட்டுக் குடும்பம். கீழே சாப்பாட்டுக் கடையும் வீடியோ கேசட் வாடகைக் கடையும். மூத்தவன் அசோக், குல்பூஷண் கர்பந்தா. ஒரு சாமியாரின் பேச்சைக் கேட்டு 13 வருடமாகப் பிரம்மச்சரியம் காக்கிறான். தன் கட்டுப்பாட்டைச் சோதித்துப் பார்க்க மனைவியைப் பக்கத்தில் படுக்கச் சொல்கிறான். அந்த மனைவி ராதா, ஷபானா ஆஸ்மி. அவளுக்குக் குழந்தை பிறக்காது. இளையவன் ஜதின், ஜாவேத் ஜாஃப்ரி. ஜூலி என்ற சீன வம்சாவளிப் பெண்மேல் அவனுக்குக் காதல். வீட்டார் கட்டாயத்துக்காக சீதாவைக் கட்டிக்கொண்டு வருகிறான். சீதாவாக நந்திதா தாஸ். வாய் பேசமுடியாத மாமியார் பீஜி மணியடித்துக் கூப்பிடுவாள். வேலையாள் முண்டு, பீஜியைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நேரத்தில் அவள் எதிரிலேயே ஆபாசப் படம் போட்டுப் பார்ப்பான்.

இந்த வீட்டுக்குள் இரண்டு மருமகள்களும் ஒருவரை ஒருவர் கண்டுகொள்கிறார்கள். சமையலறையிலும் மொட்டை மாடியிலும் தொடங்கும் நெருக்கம் காதலாகிறது. ஒரு காட்சி எனக்கு மறக்காது. குடும்பத்தோடு பூங்காவுக்குப் போகிறார்கள். எல்லாரும் உட்கார்ந்திருக்க, சீதா ராதாவின் காலைப் பிடித்துவிடுகிறாள். அசோக் பார்க்கிறான். எவ்வளவு ஒற்றுமையான குடும்பம் நமக்கு வாய்த்திருக்கிறது என்று அவனுக்குப் பூரிப்பு. கண்ணெதிரே நடப்பதை அவனால் பார்க்க முடியவில்லை. ஓரகத்திகளுக்குள் இருக்கும் அன்பு என்று அவனுக்குத் தெரிந்த ஒரே பெயரில் அதை அடக்கிவிடுகிறான். படத்தின் மையம் அந்தக் காட்சியில் இருக்கிறது என்பது என் எண்ணம். நான் படித்த பதிவுகளில் பெரும்பாலானவை இந்தக் காட்சியின் பக்கமே போகவில்லை.

கடைசியில் முண்டு காட்டிக்கொடுக்கிறான். சீதா முதலில் வெளியேறுகிறாள். அசோக்கிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று ராதா நிற்கிறாள். வாக்குவாதத்தில் அவள் புடவையில் அடுப்புத் தீ பற்றுகிறது. அசோக் தன் தாயைத் தூக்கிக்கொண்டு போகிறானே தவிர, மனைவியைக் காப்பாற்ற வரவில்லை. ராதா பிழைக்கிறாள். மழை பெய்யும் ஒரு தர்காவில் சீதாவிடம் வந்து சேர்கிறாள். நெருப்பைக் கடந்து வந்தவள் யாரிடம் வருகிறாள் என்பதுதான் படத்தின் கேள்வி. அக்கினிப் பிரவேசத்தின் கதையைப் படம் முன்பே காட்டியிருக்கிறது. பெயர்களையும் ராதா, சீதா என்றே வைத்திருக்கிறார் மேத்தா.

இப்போது நான் படித்த பதிவுகளுக்கு வருகிறேன். சிலவற்றில் ராதா தீயில் கருகிச் சாகிறாள். அந்தச் சாவை வைத்து, தப்பான வழியில் போனால் இதுதான் கதி என்று இயக்குநரே சொல்வதாக ஒருவர் முடிக்கிறார். இன்னொருவர் அதே சாவை எடுத்துக்கொண்டு, இந்தச் சமூகம் காதலை வாழவிடாது என்று உருகுகிறார். படத்தில் அவள் சாகவே இல்லை. இல்லாத ஒரு மரணத்திலிருந்து இரண்டு எதிரெதிர் நீதிகள் பிறந்திருக்கின்றன.

ஒரே பிழை, பல ஏடுகள்

எங்கள் திருவல்லிக்கேணியில் பிள்ளையார் கோயில் தெரு என்று ஒன்று உண்டு. அங்கே தியாகராஜ விலாசம் என்ற வீட்டில்தான் உ.வே.சாமிநாதையர் வாழ்ந்தார். 2012இல் அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். ஆனால் அவர் விட்டுப்போன முறை இருக்கிறது. சிலப்பதிகாரமோ புறநானூறோ, ஒரு ஏட்டுச் சுவடி கிடைத்தது என்று அப்படியே அச்சுக்குக் கொடுக்கமாட்டார். ஊர் ஊராக அலைந்து வேறு பிரதிகளைத் தேடுவார், ஒப்பிடுவார், வேறுபடும் பாடங்களைக் குறித்துவைப்பார். சுவடி ஒப்பிடுகிறவர்களுக்கு ஓர் அடிப்படை தெரியும். ஐந்து ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால் அவை ஐந்து சாட்சிகள் ஆகா. ஏதோ ஒரு தாய் ஏட்டின் ஐந்து பிரதிகள், அவ்வளவுதான். சாட்சி ஒன்றே.

'ஃபயர்' பற்றிய பதிவுகளை இந்தக் கண்ணோடு வரிசையில் வைத்துப் பார்த்தேன். பிரதி எடுப்பதில் நிலைத்துப்போன பிழைகள் துலக்கமாகத் தெரிந்தன.

முதல் பிழை, 'இந்தியாவில் தடைசெய்யப்பட்ட படம்' என்பது. தலைப்பிலேயே போடுகிறார்கள், ஆட்கள் சொடுக்குவார்கள் என்பதற்காக. உண்மை வேறு. 1998இல் தணிக்கைக் குழு இந்தப் படத்தை வெட்டு இல்லாமல், வயதுவந்தோருக்கான 'ஏ' சான்றிதழோடு அனுமதித்தது. நவம்பரில் திரைக்கு வந்தது. டிசம்பர் தொடக்கத்தில் மும்பையிலும் டெல்லி ரீகல் தியேட்டரிலும் சிவசேனாவினர் புகுந்து உடைத்தார்கள். வேறு நகரங்களுக்கும் அது பரவியது. தியேட்டர்காரர்கள் பயந்து படத்தை எடுத்துவிட்டார்கள். அன்றைய மகாராஷ்டிர முதல்வர் மனோகர் ஜோஷி தாக்கியவர்களைப் பாராட்டினார். மத்திய அரசு படத்தை மறுபடியும் தணிக்கைக்கு அனுப்பியது. 1999 பிப்ரவரியில் தணிக்கைக் குழு மறுபடியும் வெட்டு இல்லாமல் அனுமதித்தது, படம் திரும்பவும் திரைக்கு வந்தது.

தடை என்று எழுதும்போது என்ன நடக்கிறது தெரியுமா? சட்டம் அனுமதித்த ஒன்றைக் கும்பல் நிறுத்தியது என்ற உண்மை மறைந்துவிடுகிறது. அரசாங்கமே ஏதோ காரணத்தோடு தடுத்தது போலவும், படத்தில் அப்படித் தடுக்க வேண்டிய ஏதோ இருந்தது போலவும் ஒரு எண்ணம் வாசகர் மனதில் விழுகிறது. உடைத்தவர்களுக்கு இதைவிட நல்ல நற்சான்றிதழ் கிடைக்காது. படத்தைப் புகழ்ந்து எழுதுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள், தெரியாமல்.

இரண்டாவது, 'தன்பாலீர்ப்பைப் பேசிய முதல் இந்தியப் படம்'. இதுவும் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொண்டது. 1971இலேயே பிரேம் கபூர் 'பத்னாம் பஸ்தி' என்ற இந்திப் படம் எடுத்திருக்கிறார். கமலேஷ்வரின் நாவலைத் தழுவியது, இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் சேர்ந்த முக்கோணக் கதை. பல காலம் காணாமல் போயிருந்த அந்தப் படத்தின் பிரதி 2019இல் பெர்லினில் ஆர்சனல் திரைப்படக் காப்பகத்தில் கிடைத்தது. இன்னும் பக்கத்தில் வருவோம். 1978இல் மலையாளத்தில் மோகன் 'ரண்டு பெண்குட்டிகள்' எடுத்தார். வி.டி.நந்தகுமாரின் நாவல், ஒரு பெண் இன்னொரு பெண்மேல் வைக்கும் காதல். அதில் நடித்தது நம் ஷோபா. 'பசி' படத்துக்காகத் தேசிய விருது வாங்கிய அதே ஷோபா. 1986இல் பத்மராஜனின் 'தேசாடனக்கிளி கரையாறில்லா', பள்ளியை விட்டு ஓடிப்போகும் இரண்டு மாணவிகளின் கதை. நட்பா காதலா என்று கேரளத்தில் இன்னும் பேசுகிறார்கள். அந்த இருவரில் ஒருவர் கார்த்திகா, 'நாயகன்' படத்தில் வேலு நாயக்கரின் மகளாக நமக்குத் தெரிந்தவர். 'ஃபயர்'தான் முதல் என்று எழுதும் ஒவ்வொரு தடவையும் இந்தப் படங்கள் எல்லாம் அழிகின்றன. அவற்றோடு, 'இதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்த இயக்குநர் கொண்டுவந்த சரக்கு' என்ற வாதத்துக்கு வலு சேர்கிறது. பக்கத்து மாநிலத்தில், நமக்கு நன்கு தெரிந்த முகங்களோடு, 20 வருடம் முன்பிருந்தே இந்தக் கதைகள் வரத்தொடங்கிவிட்டன.

மூன்றாவது, 'இஸ்மத் சுக்தாயின் கதையைத் தழுவிய படம்'. சுக்தாய் 1942இல் எழுதிய 'லிஹாஃப்' உருது இலக்கியத்தில் பெரிய கதை. அதற்காக ஆபாச வழக்குப் போட்டு லாகூர் நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள், அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, வழக்கு தள்ளுபடியானது. கணவன் கவனிக்காத ஒரு பேகமும் அவளுக்கு உடம்பு பிடித்துவிடும் வேலைக்காரியும், அவர்களைப் போர்வை நிழலாகச் சுவரில் பார்க்கும் ஒரு சிறுமியும் அந்தக் கதை. 'ஃபயர்' படத்தில் அந்தச் சிறுமி இல்லை, பேகமும் இல்லை, அந்த அந்தஸ்து வித்தியாசமும் இல்லை. எழுத்தும் இயக்கமும் தீபா மேத்தா என்றே படம் போடுகிறது. இரண்டுக்கும் உறவு இருக்கிறது என்று ஒருவர் வாதிடலாம், அது நல்ல கட்டுரையாகும். அப்படி வாதிட இரண்டையும் படித்திருக்க வேண்டும், பார்த்திருக்க வேண்டும். தழுவல் என்று ஒரு வரியில் போட்டுவிட்டுப் போவதற்கு எதையும் படிக்க வேண்டியதில்லை.

இன்னும் சில சின்னச் சின்னக் குழப்பங்கள் உண்டு. ஒருவர் 1996 என்கிறார், இன்னொருவர் 1998. இரண்டும் சரி: 1996இல் டொராண்டோ விழாவில் முதல் திரையிடல், 1998இல் இந்தியாவில் வெளியீடு. ஒருவர் ஆங்கிலப் படம் என்கிறார், இன்னொருவர் இந்திப் படம். எடுத்தது ஆங்கிலத்தில், இங்கே இந்தி வடிவமும் வந்தது. ஒருவர் சீதா என்கிறார், இன்னொருவர் நீதா. இந்தி வடிவத்தில் பெயரை நீதா என்று மாற்றினார்கள். ஏ.ஆர்.ரஹ்மான் இந்தப் படத்துக்கென்றே போட்ட இசை என்று உருகி எழுதும் பகுதியில் 'பம்பாய்' படத்தின் தீம் இசையைத்தான் வர்ணித்திருக்கிறார்கள். அது முன்பே நம் காதில் இருந்தது, மேத்தா அதை இந்தப் படத்திலும் எடுத்துக்கொண்டார். காசியில் படப்பிடிப்புத் தளத்தை உடைத்ததும் 'ஃபயர்' கணக்கில் எழுதப்படுகிறது. அது 2000இல் 'வாட்டர்' படத்துக்கு நடந்தது. பிறகு இலங்கையில்தான் அதை எடுத்து முடித்தார். அண்மையில் 'ஃபயர்' என்ற பெயரிலேயே ஒரு தமிழ்ப் படம் வந்துவிட்டதால் தேடும்போது இன்னும் கூடுதல் குழப்பம்.

இதில் ஒவ்வொன்றையும் சரிபார்க்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். படத்தைப் போட்டு, ஆரம்பத்திலும் கடைசியிலும் ஓடும் பெயர்களை நின்று படித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பார்த்தவர்கள் சண்டை போட்டார்கள், அது நல்லது

விமர்சனங்கள் ஒன்றுக்கொன்று முரண்படவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 'ஃபயர்' போல ஒரு படத்தை எல்லாரும் ஒரே மாதிரி பார்த்திருந்தால் அதுதான் சந்தேகத்துக்கு உரியது. படத்தைப் பார்த்தவர்கள் எப்படிச் சண்டை போட்டார்கள் என்று பாருங்கள்.

சிவசேனாத் தலைவர் பால் தாக்கரே, பாத்திரங்களின் பெயரை முஸ்லிம் பெயர்களாக மாற்றினால் எதிர்ப்பை விட்டுவிடுவதாகச் சொன்னார். அவருடைய சிக்கல் என்ன என்பது அதிலேயே விளங்கிவிட்டது. அதை விமர்சனக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

மது கிஷ்வர் 'மானுஷி' இதழில் எழுதிய கட்டுரை வேறு. பெண்களுக்காகவே பல ஆண்டுகள் பத்திரிகை நடத்தியவர், இந்தப் படத்தைக் கடுமையாகத் தாக்கினார். இந்தியக் குடும்பத்தை மேத்தாவுக்குத் தெரியவில்லை என்றார். நம் வீடுகளில் பெண்கள் ஒருவரையொருவர் தொட்டு, தலைவாரி, எண்ணெய் வைத்து, ஒரே கட்டிலில் படுத்துப் பேசும் இயல்பான நெருக்கத்தை இனி எல்லாரும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள் என்று கவலைப்பட்டார். நான் அவரோடு உடன்படவில்லை. ஆனால் அந்தக் கவலை படத்துக்குள்ளிருந்து வந்தது. பூங்காக் காட்சியைப் பார்த்த ஒருவரால்தான் அப்படிக் கவலைப்பட முடியும்.

ஆய்வாளர்கள் மேரி ஜானும் தேஜஸ்வினி நிரஞ்சனாவும் 1999இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் வேறொரு பக்கமிருந்து வந்தார்கள். பெண்ணை அடக்குவது என்றால் அவளுடைய காமத்தை மறுப்பது மட்டும்தானா, மற்ற அடக்குமுறைகள் எங்கே போயின என்பது அவர்கள் கேள்வி. படத்தை எதிர்த்த இந்துத்துவர்களும் எடுத்த இயக்குநரும் ஒரே இந்தியப் பண்பாட்டுப் பிம்பத்தை எதிரெதிராகப் பிடித்து நிற்கிறார்கள் என்றார்கள்.

தீபா மேத்தாவோ, இது தன்பாலீர்ப்பைப் பற்றிய படமே இல்லை, தனிமையையும் தேர்வையும் பற்றியது என்று பேசினார். அதைக் கேட்டு, படத்துக்காகத் தெருவில் இறங்கியிருந்த பெண்களே வருத்தப்பட்டார்கள். டெல்லியில் ரீகல் தியேட்டர் முன்னால் மெழுகுவத்தியோடு நின்ற கூட்டத்தில், தாங்கள் இந்தியர்கள், தன்பாலீர்ப்புள்ளவர்கள், இரண்டும்தான் என்று அட்டை பிடித்த பெண்கள் இருந்தார்கள். நாட்டின் தலைநகரத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி அப்படி நின்றது பெரிய காரியம். அந்த நிற்பிலிருந்துதான் 'கேலெரி' என்ற இயக்கம் உருவானது. கருத்துச் சுதந்திரத்துக்காக மட்டும் போராடுவோம், தன்பாலீர்ப்புப் பேச்சை விட்டுவிடுவோம் என்று கூட நின்ற சிலர் நினைத்தபோது, அந்தப் பெண்கள் விடவில்லை.

கணவன் சரியில்லாததால்தான் இரண்டு பெண்களும் சேர்ந்தார்கள் என்று ஒரு வாசிப்பு. அது படத்தில் இருக்கிறது, இல்லை என்று சொல்லமுடியாது. இல்லை, சீதா ஜதினின் பேண்ட்டை மாட்டிக்கொண்டு தனியாக ஆடும்போதே அவள் வேறு ஒருத்தி என்று தெரிந்துவிடுகிறது, கணவன் நல்லவனாக இருந்தாலும் அவள் ராதாவைத்தான் பார்த்திருப்பாள் என்று இன்னொரு வாசிப்பு. நான் இரண்டாவது கட்சி. இந்த இரண்டு பேரும் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் வாதாடலாம். ஏனென்றால் இருவர் கையிலும் ஒரு காட்சி இருக்கிறது.

இதைத்தான் நான் பிரித்துச் சொல்ல விரும்புகிறேன். கருத்து மோதினால் படத்துக்கு ஆயுள் கூடும். தகவல் மோதினால், யாரோ ஒருவர் பார்க்கவில்லை என்று பொருள்.

இதனால் யாருக்கு நஷ்டம்?

எங்கள் பகுதி மேன்ஷன்கள் உங்களுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் வந்த பிள்ளைகள் அறைக்கு மூன்று நான்கு பேராக இருப்பார்கள். அப்படி ஒரு தம்பி, டீக்கடையில் பழக்கம், சினிமா பேசுவோம். ஒருநாள் மற்றவர்கள் போகும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டான்.

"அண்ணே, 'ஃபயர்'னு ஒரு பழைய படம் இருக்காமே, நீங்க பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன் தம்பி. ஏன்?"

"கடைசில அந்த அக்கா செத்துருவாங்களாண்ணே? நெட்டுல ஒருத்தர் செத்துருவாங்கன்னு எழுதிருக்காரு, ஒருத்தர் சேந்துருவாங்கன்னு எழுதிருக்காரு. எது நிஜம்?"

சாகமாட்டாள், சேர்ந்துவிடுவார்கள் என்றேன். "அப்ப சரிண்ணே" என்றான். அவ்வளவுதான் பேச்சு. அவன் ஏன் கேட்டான் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் ஒருவருக்கு அந்த முடிவு வெறும் சினிமா முடிவாக இல்லாமல் போகலாம். நாலு பேர் படுக்கும் அறையில், போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு, தன்னைப் போல யாராவது கதையிலாவது பிழைத்தார்களா என்று தேடுகிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் எழுதியதுதான் கிடைக்கிறது. படம் அவளைக் காப்பாற்றிக் கரை சேர்க்கிறது. நாம் நகலெடுத்த கவனக்குறைவில் அவளைக் கொன்றுவிட்டோம். இதைச் சின்ன விஷயம் என்று என்னால் ஒதுக்கமுடியவில்லை.

இதே திருவல்லிக்கேணிக்குப் பக்கத்து மெரினாவில் 2009இல் சென்னையின் வானவில் பேரணி நடந்தது. தன்பாலுறவைக் குற்றமாக்கிய, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377வது பிரிவு அப்போது அமலில் இருந்தது. சில நாட்களில், ஜூலை 2ஆம் தேதி, டெல்லி உயர்நீதிமன்றம் அந்தப் பிரிவை மட்டுப்படுத்தியது. 2013 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. 2018 செப்டம்பர் 6ஆம் தேதி அதே உச்சநீதிமன்றம் வயதுவந்தோரின் ஒப்புதல் உறவு குற்றமல்ல என்று தீர்த்தது. இவ்வளவு ஏற்ற இறக்கத்துக்கு நடுவில் வாழ்ந்தவர்களைப் பற்றிய படத்துக்கு விமர்சனம் எழுதும்போது ஒரு பொறுப்பு வேண்டாமா?

2021இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு இளம்பெண்களின் வழக்கு. நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் அதில் தீர்ப்பு எழுதும் முன், இந்த விஷயம் தனக்கு முழுதாகத் தெரியாது என்று வெளிப்படையாகச் சொன்னார். ஒரு மனநல நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகே அந்த ஜூன் மாத உத்தரவு வந்தது. ஒருவரின் பாலீர்ப்பை மாற்றுகிறேன் என்று செய்யும் சிகிச்சைகளுக்குத் தடை, காவல்துறைக்கும் மற்றவர்களுக்கும் வழிகாட்டுதல் எல்லாம் அதில் இருந்தன. தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கையில் இருந்த ஒருவர், முதலில் தெரிந்துகொள்ள நேரம் எடுத்துக்கொண்டார். ஒரு சினிமாவுக்குத் தீர்ப்புச் சொல்லும் நாம் 2 மணி நேரம் ஒதுக்கக் கூடாதா?

எடுப்பதும் திருடுவதும்

அடுத்தவர் எழுத்தைத் தொடவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52வது பிரிவு, விமர்சனத்துக்காக ஒரு படைப்பிலிருந்து நியாயமான அளவு எடுத்தாள இடம் கொடுக்கிறது. அதே சட்டத்தின் 57வது பிரிவு, எழுதியவருக்கு எழுத்து தன்னுடையது என்று உரிமை கோர இடம் கொடுக்கிறது. எடுத்துக்கொள், யாருடையது என்று சொல். நம் பாட்டன்களும் இதைத்தான் செய்தார்கள். உரையாசிரியர்கள் இன்னார் கூற்று என்று பெயர் சொல்லி மறுப்பார்கள், அல்லது ஏற்பார்கள்.

இப்போது நடப்பது அதுவல்ல. ஒருவர் படம் பார்த்து, யோசித்து, இரவு உட்கார்ந்து தட்டச்சு செய்த பத்தியை, இன்னொருவர் பெயர் மாற்றிப் போடுகிறார். என் பத்திகளும் அப்படிப் போயிருக்கின்றன. எங்கே, யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. பறிபோவது எனக்கு வரவேண்டிய பெயர் மட்டும் அல்ல. ஒருவருடைய ரசனை இன்னொருவர் வாயில் பொய்யாகிவிடுகிறது. 'இந்தக் காட்சியில் என் கண் கலங்கியது' என்ற வரியை நகலெடுக்கும்போது, கலங்கிய கண் யாருடையது? வேறு மொழி விமர்சனத்தை இயந்திரத்தில் போட்டு மாற்றி அப்படியே ஒட்டும் பழக்கமும் கூடியிருக்கிறது. அதில் வாக்கியம் தமிழாக இருக்கும், ஆள் இருக்கமாட்டார்.

வாசகர்களுக்கு எளிய சில சோதனைகள் சொல்கிறேன். ஒரு பதிவில் கதைச் சுருக்கம் மட்டும் வழவழவென்று இருந்து, கருத்து வரும் இடத்தில் நடை திடீரென்று மாறினால் சந்தேகப்படுங்கள். சந்தேகப்பட்ட வரியை அப்படியே எடுத்துத் தேடுபொறியில் மேற்கோள் குறிக்குள் போட்டுப் பாருங்கள். பதிவில் படத்தின் ஒரு காட்சியாவது, பார்த்தவர் மட்டுமே சொல்லக்கூடிய விதத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு பாத்திரத்தின் பெயர், ஒரு கை அசைவு, ஒரு இடம். அது இல்லாவிட்டால் அந்த நட்சத்திர மதிப்பெண்ணுக்கு மதிப்பில்லை.

எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'ஃபயர்' உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. படத்தில் குறைகள் உண்டு. இரண்டு கணவன்மாரையும் ஒரேயடியாக மோசமாக்கிப் பெண்களின் காதலுக்குக் காரணம் தேடிக்கொடுத்தது எனக்கே குறையாகத் தெரிகிறது. வேலையாள் முண்டுவை எழுதியதில் ஏழைகள்மேல் ஓர் இளக்காரம் இருப்பதாகவும் படுகிறது. அதையெல்லாம் எழுதுங்கள், கடுமையாகவே எழுதுங்கள். ஆனால் உங்கள் சொற்களில் எழுதுங்கள். அடுத்தவரிடமிருந்து எடுத்தால் பெயர் போடுங்கள். பழைய பதிவில் தடைசெய்யப்பட்ட படம் என்றோ, முதல் படம் என்றோ, ராதா இறந்தாள் என்றோ எழுதியிருந்தால் இன்றைக்கே திருத்திவிடுங்கள். உங்களைப் பார்த்து நகலெடுத்தவர்களும் சேர்ந்து திருந்த அது ஒன்றே வழி.

ராதா சாகவில்லை. படம் தடைசெய்யப்படவில்லை. முதலாவதைத் தெரிந்துகொள்ளப் படத்தைப் பார்த்தால் போதும், இரண்டாவதுக்குக் கொஞ்சம் தேடினால் போதும். பார்த்துவிட்டு எழுதுங்கள், நான் முதல் ஆளாக வந்து படிக்கிறேன்.